மாக்கிரட் அக்கா சொல்லாமல் விட்ட பெயர்

பள்ளிக்கூடச் சமையலறையில் அது எனக்கு முதல் கிழமை. சாப்பாட்டுப் பெட்டிகளின் மூடிகளில் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எதில் கச்சான், அதுதான் நிலக்கடலை, இருக்கிறது, எதில் முட்டை, எதில் பால் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மாறிக் கொடுத்தால், ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து. நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலப் பேச்சு விளங்கும், எழுத்து வராது. அதை ஒருவருக்கும் சொல்லாமல், மற்றவர்கள் எடுப்பதைப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வந்தபோது ஒவ்வொரு மூடியின் மூலையிலும் நீலப் பேனாவால் சின்னச் சின்னப் படம் கீறியிருந்தது. கச்சான் கொட்டை, முட்டை, பால் குவளை, மீன். மீனுக்கு மீசைகூட வைத்திருந்தது.

“இதார் கீறினது?” என்று கேட்டேன்.

“நான்தான். எனக்கு இப்ப கண் மங்கல். எழுத்துத் தெரியுதில்லை,” என்றார் மாக்கிரட் அக்கா, பீங்கான் கோப்பைகளை அடுக்கியபடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர்தான் முதலாம் வாசகம் வாசித்தார். கண்ணாடி போடவில்லை. ஒரு சொல்லும் தடக்கவில்லை.

மாக்கிரட் அக்கா மன்னார் பேசாலையில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் மடுவில் அகதியாக இருந்தபோது ஒரு கன்னியாஸ்திரியிடம் ஆங்கிலம் படித்தவர். மொன்ட்ரியாலுக்கு வந்து எமிலியானுஸ் அண்ணையைக் கலியாணம் முடித்தார். பதினொரு வருஷமாகப் பிள்ளை இல்லை. அந்த நகரத்து மலைக்கோயிலின் மரப்படிகளில் இரண்டு பேரும் முழங்காலில் ஏறிச் செபித்தார்கள். அதற்குப் பிறகு ஜென்சி பிறந்தாள். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது எமிலியானுஸ் அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். தாயும் மகளும் வில்லரே என்கிற பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தார்கள்.

நாங்கள் வேலை செய்த பள்ளிக்கூடம் மலைச்சரிவில் இருக்கிறது. பெண்பிள்ளைகள் மட்டும் படிக்கிற ஆங்கிலப் பள்ளிக்கூடம். பெயரை நான் இங்கே எழுதவில்லை. 1913ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு பெண்கள் தொடங்கியது என்று வாசல் கல்லில் வெட்டியிருக்கிறது. நம்மைப்போல வந்தவர்களின் பிள்ளைகள் இந்தக் கியூபெக் மாகாணத்தில் சட்டப்படி பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். இப்படி முழுக்கத் தனியார் பள்ளிக்கூடம் என்றால் மட்டும் ஆங்கிலத்தில் படிக்கலாம். அது நம்மால் நினைக்கவும் முடியாத இடம். ஆனால் அங்கே ஒரு பழைய விதி இருந்தது. வேலை செய்கிறவரின் மகள் இலவசமாகப் படிக்கலாம், தாய்க்கு அங்கே வேலை இருக்கும்வரை.

அந்த விதியில்தான் ஜென்சி ஒன்பது வயதில் சேர்ந்தாள். பதின்மூன்று வயதில் விஞ்ஞானத்தில் வகுப்புக்கு முதலாவது. மிருக வைத்தியராக வருவேன் என்று சொல்லுவாள். வீட்டுக்கு வெளியே இரும்புப் படியில் வந்து போகிற அணில்களுக்கெல்லாம் ஒரு கொப்பி வைத்திருந்தாள். எந்த அணிலுக்குக் காது கிழிந்திருக்கிறது, எது குட்டி போட்டது என்று அதில் எழுதுவாள். மாக்கிரட் அக்கா அந்தப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகப் பாத்திரம் கழுவினார், ஜென்சி பிறந்த பிறகு அதெல்லாம் அந்தப் பிள்ளைக்காகத்தான். கால் வீங்கினாலும் லீவு எடுக்கமாட்டார். “என்ர வேலை போனா அவளின்ர கதிரை போயிடும்,” என்பார்.

இனி நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடத்துக்கு நூற்றுப்பத்து வயது. அதைக் கொண்டாட அதிபர் அம்மா ஒரு புதுமை செய்தார். மே மாதத்தில் இரண்டு கிழமை, முதல் வருஷத்துப் பிள்ளைகள் எப்படி இருந்தார்களோ அப்படியே எல்லாரும் இருக்க வேண்டும். தொலைபேசி இல்லை. கறுப்பு நீளக் காலுறை, வைக்கோல் தொப்பி. காலையில் கைமணி. தலையில் புத்தகம் வைத்து நேராக நடக்கப் பழக வேண்டும். பின்னேரம் தையல். சாப்பாட்டு மேசையில் பேச்சே கூடாது. பாண் ரொட்டி வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று பரிமாறுகிறவளிடம் கேட்கலாம், அவ்வளவுதான். மேசையில் வேறு பேச்சுப் பேசுகிற, சிரிக்கிற பிள்ளை சுவரோரம் இருக்கிற தனி மேசைக்குப் போக வேண்டும். அங்கே மூன்று நாளைக்கு மத்தியானம் வெறும் பாணும் தண்ணீரும். எல்லாம் பழைய குறிப்புப் புத்தகத்தில் இருந்தது என்றார்கள். பெற்றோர் எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அவர்களுக்கு அது ஒரு நாடகம்.

எங்களுக்கும் வேஷம் தந்தார்கள். கறுப்புச் சட்டை, வெள்ளை ஏப்ரன், தலைக்குச் சுருக்கு வைத்த வெள்ளைத் தொப்பி. வழமையாக நாங்கள் சமையலறைக்குள்ளேதான் நிற்போம். இப்போது மேசைக்குப் போய்ப் பரிமாற வேண்டும்.

“அக்கா, வெள்ளை உடுத்தி முதல் நன்மை அப்பம் வாங்கப் போற பிள்ளை மாதிரி இருக்கிறியள்,” என்றேன்.

“நீ கலியாணக் கேக் மாதிரி நிக்கிறாய். ஆரும் வெட்டிப்போடுவாங்கள், கவனம்,” என்றார் மாக்கிரட் அக்கா.

சமையல் பொறுப்பாளர் ஜில்பேர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் கியூபெக்காரர், நல்ல மனிதர், ஆனால் பயந்தவர்.

அப்போது அதிபர் அம்மா உள்ளே வந்து இன்னொரு விதி சொன்னார். அந்தக் காலத்தில் மேசையில் பரிமாறுகிற வேலைக்காரிகளுக்குச் சொந்தப் பெயர் கிடையாதாம். யார் வந்தாலும் பிள்ளைகள் ‘மேரி’ என்றுதான் கூப்பிடுவார்களாம். ஒவ்வொருத்தியின் பெயரையும் பாடமாக்குவது பிள்ளைகளுக்குக் கரைச்சல் என்று. “இரண்டு கிழமைக்குத்தான். இது சரித்திரம், யாரும் மனதில் எடுக்க வேண்டாம்,” என்று சிரித்துக்கொண்டு போனார்.

“எனக்குப் பெயர் மாற்றம் இல்லையா?” என்றார் ஜில்பேர்.

“நீ ஆம்பிளை. உன்ர பேரைப் பாடமாக்குவினம்,” என்று அவருக்குப் பிரெஞ்சில் சொன்ன மாக்கிரட் அக்கா, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். “மாதாவின்ர பேர்தானே, கூப்பிட்டால் கூப்பிடட்டும்.”

முதல் நாள் மத்தியானம். நூற்றிருபது பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் இருக்கிறார்கள். கரண்டிச் சத்தம் மட்டும். அங்கங்கே “மேரி, தண்ணீர்” “மேரி, பாண்” என்று குரல் வரும். நாங்கள் ஓட வேண்டும். மாக்கிரட் அக்கா பாண் கூடையோடு ஜென்சியின் மேசைக்குப் போனார். ஜென்சி தாயை நிமிர்ந்து பார்த்தாள். ‘மேரி’ என்று சொன்னால்தான் பாண் வைக்கலாம். பக்கத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

“அம்மா, எனக்கொரு பாண் தாங்கோ,” என்றாள் ஜென்சி. தமிழில்.

யாரோ சிரித்தது கேட்டது. பிலிப்பா என்கிற பிள்ளை. ஆசிரியை இரண்டு பேரையும் எழுப்பினார். ஜென்சி ‘மேரி’ என்று கூப்பிடாமல் விதியை மீறினாள், பிலிப்பா சிரித்தாள். இரண்டு பேரையும் சேர்த்துத் தனி மேசையில் இருத்தினார்கள்.

இந்தப் பிலிப்பாவைப் பற்றி நான் சொல்ல வேண்டும். பதினாலு வயது. தாய் பள்ளிக்கூட நிர்வாக சபையில் பெரிய ஆள். ஜென்சியை ‘கழுவுகிறவளின் மகள்’ என்று கூப்பிட்டுத் தொடங்கி வைத்தவள் அவள்தான். ஜென்சி பக்கத்தில் வந்தால் சவர்க்கார மணம் வருகிறது என்று மூக்கைப் பிடிப்பாள். ஆனால் எங்கள் சமையலறை அலுமாரியின் உட்பக்கத்தில் அவளுடைய தாயின் கடிதம் ஒன்று ஒட்டியிருந்தது. பிலிப்பாவுக்கு அரைத் தட்டுத்தான். பாண் இல்லை, வெண்ணெய் இல்லை, இனிப்பு இல்லை. நோய் ஒன்றும் இல்லை. மகள் மெலிய வேண்டும் என்பதுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் தாய் அவளைத் தராசில் ஏற்றுவாராம். கூடியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தண்ணீர் மட்டும். இதை அந்தப் பிள்ளையே ஒருநாள் குப்பைவாளிக்குப் பக்கத்தில் நின்று, மற்றவர்கள் மிச்சம் விட்ட உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றபோது, மாக்கிரட் அக்காவிடம் பிடிபட்டுச் சொன்னாள். அழவில்லை. “யாருக்கும் சொல்லக்கூடாது” என்று கட்டளைதான் போட்டாள்.

அக்கா அதை ஜில்பேரிடம் சொன்னார். “தாய் யார் என்று தெரியும்தானே. அது குடும்ப விஷயம்,” என்று ஜில்பேர் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு அக்கா தன் பாட்டில் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது கொடுக்கத் தொடங்கினார். ஒரு பழம், ஒரு துண்டுச் சீஸ். பிலிப்பா அதை வாங்கித் தின்றுவிட்டு, வெளியே போய் மறுபடி மூக்கைப் பிடிப்பாள்.

தனி மேசையிலும் அதுதான் நடந்தது. இரண்டாம் நாள், தண்ணீர் ஊற்றப் போன அக்கா, மடித்த கைதுடைக்கும் துணிகளுக்குள் ஆளுக்கொரு அவித்த முட்டை வைத்துவிட்டு வந்தார். சமையலறை விதிப்படி இது பெரிய பிழை. பட்டியல் தாளில் எழுதாத சாப்பாடு ஒரு பிள்ளைக்கும் கையால் போகக்கூடாது. ஒவ்வாமைப் பயம்தான் காரணம். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் முட்டை ஒத்துக்கொள்ளும் என்பது அக்காவுக்குத் தெரியும்.

பழைய வழக்கங்களில் இன்னொன்று இருந்தது. பிள்ளைகள் பின்னேரத்தில் ஒரு பெரிய தோல் அட்டைப் புத்தகத்தில் அன்றைக்குத் தாங்கள் செய்த பிழையைத் தாங்களே எழுத வேண்டும். மானப் புத்தகம் என்று அதற்குப் பெயர். மற்றப் பிள்ளைகளுக்கு இது பகிடி. ‘வகுப்பில் கொட்டாவி விட்டேன்’ என்று எழுதிவிட்டு ஓடுவார்கள். ஜென்சி அந்த வருஷம் நம் கோயில் பங்கில் உறுதிப்பூசுதலுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆன்ம சோதனை செய்வது, ஒன்றையும் மறைக்காமல் சொல்வது என்று மறைக்கல்வி வகுப்பில் அப்போதுதான் படிப்பித்திருந்தார்கள்.

புதன்கிழமை பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜென்சி கேட்டாள்.

“அம்மா, அந்தப் புத்தகத்தில எல்லாத்தையும் எழுத வேணுமோ?”

“பாவசங்கீர்த்தனம் மாதிரித்தான் பிள்ளை. மறைச்சால் பலனில்லை,” என்றார் மாக்கிரட் அக்கா.

“வேற ஆக்கள் வாசிப்பினமோ?”

“சீ. அதெப்பிடி வாசிப்பினம்? பாவத்தைச் சொல்லுற இடம். எழுதிப்போட்டு மறந்துவிடு.”

“ஓம், அப்பிடித்தான் இருக்கும்,” என்று நானும் சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு விதமாக நினைக்கத் தெரியவில்லை. பாவத்தை எழுதி வாங்கி வைத்து, பிறகு அதை ஊருக்கு முன்னால் வாசிக்கிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும் அதிபர் அம்மா மண்டபத்தின் நடுவில் அந்தப் புத்தகத்தைத் திறந்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வெள்ளியும் வாசிப்பார்களாம். நாங்கள் தொப்பியோடு சுவரோரம் வரிசையில் நின்றோம். கொட்டாவி, மை கொட்டியது, காலுறை கிழிந்தது என்று அவர் சிரித்துச் சிரித்து வாசித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சிரிப்பிலேயே தொடங்கினார்.

“என் தாய் எனக்கும் தனி மேசையில் இருந்த மற்றப் பிள்ளைக்கும் இரகசியமாக முட்டை தந்தார். பாணும் தண்ணீரும்தான் என்று சொல்லியிருந்தும் நான் அதைச் சாப்பிட்டேன். அதற்காக மனம் வருந்துகிறேன். என் தாயை ‘மேரி’ என்று கூப்பிடாததற்கு நான் வருந்தவில்லை.”

கடைசி வரி வந்தபோது அதிபர் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. ஜென்சியின் முகத்தை நான் பார்த்தேன். பூசையில் அப்பத்தை நிலத்தில் விழுத்திய பிள்ளையின் முகம் அது. மாக்கிரட் அக்கா ஏப்ரனின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கிழமை தனி மேசைக்கு ஆறு பிள்ளைகள் மாறி மாறிப் போயிருந்தார்கள், ஜென்சி இருந்த நாட்களிலும் பிலிப்பா மட்டும் இல்லை. எந்த நாள் என்று ஜென்சி எழுதவில்லை. அதிபர் அம்மா சொன்னார், “இந்தப் பள்ளிக்கூடத்தின் மானம் ஒரு பிள்ளையின் நேர்மையில் இருக்கிறது. அந்த மற்றப் பிள்ளை தானாக எழும்பட்டும்.”

ஒருவரும் எழும்பவில்லை. பிலிப்பா தன் கைதுடைக்கும் துணியை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார்கள். “நீயும் வா யோசெப்பின், எனக்குத் தனியப் போகக் கால் வருகுதில்லை,” என்றார். நானும் போய்க் கதவடியில் நின்றேன்.

அதிபர் அம்மா கோபப்படவில்லை. மிகவும் மரியாதையாகப் பேசினார். தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று தாளைப் பார்த்து உறுதி செய்து, பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்பி, இதோடு முடித்துவிடலாம் என்றார். தெரியாவிட்டால் எல்லாப் பெற்றோருக்கும் அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்துவிட்டு, கொடுத்தவரை வேலையில் வைத்திருக்க முடியாது.

“அந்தப் பிள்ளைக்கு முட்டை ஒண்டும் செய்யாது. எனக்குத் தெரியும்,” என்றார் அக்கா ஆங்கிலத்தில்.

“பெயர்?”

“பசித்த பிள்ளைக்குக் கொடுத்தேன். அது ஏன் பசித்தது என்று நீங்கள் கேட்கவில்லையே.”

அதிபர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை பசியோடு இருக்கிறது என்றா சொல்கிறீர்கள்?”

 ஓம் என்றால், யார் என்று அதிபர் அம்மா கேட்பார். யார் என்று சொன்னால் தாய்க்குக் கடிதம் போகும். கடிதம் போனால், எத்தனை நாளாகத் தின்றாள் என்று தாய் கேட்பார். அக்கா அதையெல்லாம் அந்தக் கதிரையில் இருந்து யோசித்தது எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை வரை அவகாசம் தந்தார்கள். “உங்கள் மகளையும் நினைத்துப் பாருங்கள். அவளுடைய இடம் உங்கள் வேலையோடு சேர்ந்தது,” என்று அன்பாகச் சொல்லித்தான் கதவைத் திறந்துவிட்டார்.

சனிக்கிழமை நான் வில்லரேக்குப் போனேன். ஜென்சி சாப்பிடாமல் இருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“பேரைச் சொல்லுங்கோ அம்மா. அவள் எனக்கு என்னெல்லாம் செய்தவள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

“தெரியும்.”

“அவள் வெள்ளிக்கிழமை பக்கத்திலதான் இருந்தவள். எழும்பேல்லை. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்.”

“சொல்லு. நான் உன்ர வாயைப் பொத்தேல்லை. பேந்து ஞாயிற்றுக்கிழமை அது பட்டினி கிடக்கேக்கை நீ என்னோட பூசைக்கு வந்து நன்மை எடுப்பியோ?”

ஜென்சி தட்டைத் தள்ளி வைத்தாள். “நீங்கள் அவளுக்கு அம்மாவோ, எனக்கு அம்மாவோ?” என்று கேட்டாள்.

அக்கா எழும்பிப் போய் அடுப்பைத் துடைத்தார். துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தார்.

நானும் சொன்னேன், “அக்கா, சொல்லிவிடுங்கோ. ஆண்டவர் குற்றம் பிடிக்கமாட்டார்.” அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வெள்ளிக்கிழமைக் கதை எல்லா வகுப்புக்கும் பரவியிருந்தது. பழைய காலத்துத் தண்டனை ஒன்றைப் பிள்ளைகள் தாங்களாகவே தோண்டி எடுத்திருந்தார்கள். மானத்தைக் கெடுத்தவளோடு ஒருவரும் பேசக்கூடாதாம். ஜென்சி வந்து இருந்த நீள வாங்கில் மற்றவர்கள் எழும்பித் தள்ளி இருந்தார்கள். அவள் கேட்டது ஒருவர் காதிலும் விழவில்லை. தனி மேசைக்கு அனுப்பாமலே அவளைச் சுற்றி ஒரு தனி மேசை வந்துவிட்டது. ஆசிரியைமார் கண்டும் காணாமல் போனார்கள்.

மத்தியானம் பரிமாறி முடிந்து நாங்கள் பாத்திரம் வாங்கும் யன்னலில் நின்றோம். பிலிப்பா வந்தாள். பின்னால் இரண்டு தோழிகள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அவசரமாகக் கிட்டப் போனார். உண்மையைச் சொல்லத்தான் வருகிறாள் என்று நான் மனதுக்குள் அருள் நிறைந்த மரியே செபம் சொல்லத் தொடங்கினேன்.

பிலிப்பா வெறும் தட்டை நீட்டினாள். “மேரி, இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு.”

அக்கா தட்டை வாங்கவில்லை. மெதுவாகச் சொன்னார். “தாளில் எழுதியிருக்கிற அளவுதான் தரலாம், பிலிப்பா. நீங்கள் எல்லாரும் சேர்ந்து என் கையைக் கட்டிவிட்டீர்கள்.”

நான் அந்தச் சமையலறையில் இருந்த காலத்தில் மாக்கிரட் அக்கா ஒரு பிள்ளைக்கு இல்லை என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். பிலிப்பாவின் முகம் சிவந்தது. தட்டை வைத்துவிட்டுத் திரும்பித் தோழிகளிடம் சொன்னாள், மண்டபத்துக்கே கேட்க.

“இரண்டு முட்டையையும் ஜென்சிதான் தின்றாள். மற்றப் பிள்ளை என்று ஒருத்தியும் இல்லை. வீட்டில் தின்ன ஒன்றும் இல்லாததால் தாய் இங்கே திருடிக் கொடுக்கிறாள்.”

தோழிகள் சிரித்தார்கள். ஜென்சி தன் மேசையில் இருந்து தாயைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லுங்கள் என்கிற பார்வை. நூற்றிருபது பிள்ளைகளும் பார்த்தார்கள். அக்காவின் உதடு அசைந்தது. நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெயரின் முதல் எழுத்து அவருடைய வாயில் வந்து நின்றதைக் கண்டேன். பிறகு அவர் வாயை மூடிக்கொண்டு, பிலிப்பா வைத்துவிட்டுப் போன தட்டை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டார்.

இரண்டு மணிக்கு அறைக்குப் போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். தொப்பியையும் ஏப்ரனையும் மடித்து மேசையில் வைத்தார். ஜில்பேர் கண் கலங்கி, “நான் என்ன செய்ய?” என்று கையை விரித்தார்.

“சூப்பைக் கலக்கு. அடிப்பிடிக்கப் போகுது,” என்றார் அக்கா.

ஜென்சியை யூன் மாதத் தவணை முடியும்வரை படிக்க விட்டார்கள். அதைப் பெருந்தன்மை என்றார்கள். ஐந்து கிழமை. அந்த ஐந்து கிழமையும் ஒரு பிள்ளையும் அவளோடு பேசவில்லை. விஞ்ஞானப் பரிசு அவளுக்குத்தான் கிடைத்தது. வாங்க எழும்பியபோது கைதட்டிய ஆசிரியை ஒருவர்தான், அவரும் வேறு கைதட்டல் கேட்காததால் நிறுத்திவிட்டார். கொண்டாட்டத்துக்கு அச்சடித்த புத்தகத்தில் ஒரு படம் வந்தது. மாக்கிரட் அக்கா தொப்பியோடு பாண் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே ‘எங்கள் மேரி’ என்று போட்டிருந்ததாக ஜில்பேர் வாசித்துச் சொன்னார். வேலையை விட்டு நிறுத்திய ஆளின் படத்தை எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோடையில் அக்கா மொன்ட்ரியால்-நோரில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் கழுவும் இடம். செப்டெம்பரில் ஜென்சி பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நாலு வருஷம் ஆங்கிலத்தில் படித்த பிள்ளை. பிரெஞ்சு எழுத்துப் போதாது என்று ஒரு வகுப்புக் கீழே இருத்தினார்கள். விஞ்ஞானப் பாடத்தில் கேள்வி விளங்காமல் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். அணில் கொப்பியைக் குப்பையோடு கட்டி வாசலில் வைத்தாள். உறுதிப்பூசுதலுக்கும் வரமாட்டேன் என்றாள். எங்கள் பங்குச் சாமியார் வீட்டுக்குப் போய்க் கதைத்தபோது, “உண்மையை எழுதச் சொன்னீங்கள், எழுதினன், போதும்,” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாளாம். தாயோடு அவள் பேசுவது தேவையான சொல்லுக்கு மட்டும். திறப்பு. மழை. சாப்பிட்டன்.

பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவில் என்றால் அரசாங்கப் பள்ளிக்கூடத்திலேயே ஆங்கிலத்தில் படிக்கலாம். அதனால் டிசம்பரில் அக்கா ஸ்காபரோவில் இருக்கிற தம்பி ஜெராட்டின் நிலக்கீழ் அறைக்குப் போக முடிவெடுத்தார். முப்பது வருஷம் இருந்த ஊர், கணவரைப் புதைத்த ஊர். இரண்டு சூட்கேஸ், ஒரு தையல் மெசின். நான் பஸ் நிலையத்துக்கு வழியனுப்பப் போனேன். ஜென்சி முன்னமே ஏறி, யன்னல் பக்கம் இருந்து, காதில் எதையோ செருகிக்கொண்டு மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு செய்தி தெரிந்திருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் என்ன புதினம் என்று அக்காவே கேட்டார்.

“அந்தப் பிலிப்பா இப்ப அங்கை இல்லை அக்கா. செப்டெம்பரில வரேல்லை. மெலிய வைக்கிற இடமாம், எங்கையோ மலைப்பக்கம், தாய் அங்கை விட்டிட்டாவாம். அந்த அரைத் தட்டுக் கடிதத்தைக் கழட்டி எறியச் சொன்னவை.”

அக்கா சூட்கேஸின் பிடியைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குளிரில் எங்கள் இரண்டு பேரின் மூச்சும் புகையாகப் போனது.  ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, “நீங்கள் செய்தது சரிதான் அக்கா. ஆண்டவருக்குத் தெரியும்,” என்றேன்.

சாரதி கதவைச் சாத்தப் போகிறேன் என்று கையைக் காட்டினார். மாக்கிரட் அக்கா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார். அப்போது சொன்னதுதான் கடைசி, இன்றுவரை நான் அவரைக் காணவில்லை.

“சரி எண்டு எனக்குச் சொல்லாதை, யோசெப்பின்,” என்றார். “கோயில்லையும் சொல்லிக்கொண்டு திரியாதை. மற்றவளின்ர பிள்ளையைக் காப்பாத்தப் போய் என்ர பிள்ளையைக் குடுத்தனான். அதையும் காப்பாத்தேல்லை.”